விக்கியா, கையேடா? கட்டற்ற மென்பொருளின் பயனர் ஆவணத்தைப் பேணப் புதிதாக வருபவர்களுக்கு

மொரீசியசில் மாலைத் தமிழ் வகுப்புகளின் வருகைப் பதிவையும் மதிப்பெண்களையும் வைத்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர் ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளை எழுதினோம். மென்பொருளை எழுத எட்டு மாதங்களே ஆயின. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லும் ஆவணத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டரை ஆண்டுகள் ஆயின. அதில் பெரும்பகுதி, முதல் வாரத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டியவற்றைப் பின்னர் திருத்துவதில் போயிற்று. அந்தக் காலமும் பணமும் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்கள் மென்பொருள் எதுவாக இருந்தாலும் வரிசை மாறாது.

1. யார் படிப்பார்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

வாசகர் யார், எந்த மொழியில் கணினியைப் பார்க்கிறார், இணையம் இல்லாத நேரத்தில் ஆவணம் அவருக்குத் தேவைப்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதாமல் எந்தக் கருவியையும் நிறுவாதீர்கள். எங்கள் ஆசிரியர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், அலுவலகப் படிவங்களை ஆங்கிலத்தில் நிரப்புகிறார்கள், வகுப்பில் தமிழ் எழுதுகிறார்கள். ஆகவே விளக்கம் தமிழிலும், பொத்தான்களின் பெயர்கள் திரையில் தெரியும் மொழியிலும் இருந்தால்தான் அவர்களுக்குப் பயன்படும். 'சேமி' என்று நாங்கள் எழுதியிருந்த இடத்தில் அவர்கள் திரையில் பிரெஞ்சில் 'ஆன்ரெஜிஸ்த்ரே' என்று இருந்தது. முதல் ஆண்டில் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றியவையே.

அந்தத் தாளின் பின்பக்கத்தில், உங்களிடம் இதுவரை வந்த கேள்விகளில் இருபதை வந்தபடியே எழுதிவையுங்கள். ஆவணத்தின் முதல் பொருளடக்கம் அதுதான். மென்பொருளில் உள்ள பட்டிகளின் (மெனுக்களின்) வரிசையில் எழுதத் தொடங்கினால் யாரும் கேட்காத பொத்தான்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

2. விக்கியா, கையேடா என்பதை முடிவு செய்யுங்கள்

விக்கி என்பது படிப்பவரே அங்கேயே திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுப்பு. கையேடு என்பது கோப்புகளாக எழுதப்பட்டு, ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின், மென்பொருளின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு உரியதாக வெளியிடப்படுவது. எது எளிது என்பதை வைத்து இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதியிருப்பது தவறாக இருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கையேட்டில் ஒரு பெயர் விடையாகக் கிடைக்கும். விக்கியில், யாரையும் நியமிக்காவிட்டால், எவர் பெயரும் கிடைக்காது.

எங்கள் விக்கியில் 140 பக்கங்கள் சேர்ந்தபோது நாங்கள் பெருமைப்பட்டோம். உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில், அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை நாங்களே நீக்கிவிட்ட திரைகளை விளக்கிக்கொண்டிருந்தன. விக்கிப் பக்கத்தில் 'கடைசித் தொகுப்பு' என்று ஒரு நாள் தெரிகிறது. அது எழுத்துப்பிழையைத் திருத்திய நாளாகவும் இருக்கலாம். பக்கம் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை அந்த நாள் சொல்லாது.

இதனால் விக்கி பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆர்ச் லினக்சின் விக்கியை அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்தாதவர்களும் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் ஆர்ச் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஒற்றைப் பதிப்பாகவே ஓடுகிறது. பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று இரண்டுக்கும் சேர்த்து எழுத வேண்டிய நிலை அங்கே இல்லை. மேலும் பக்கங்களைக் கண்காணிக்கப் பலர் இருக்கிறார்கள். மறுபக்கம், முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் திட்டம் தன் பயனர் கையேட்டை விக்கியிலிருந்து எடுத்து, ஸ்பிங்க்ஸ் என்னும் கருவியால் கட்டப்படும் கோப்புகளாக மாற்றிக்கொண்டது.

சிறிய குழுவுக்கு என் பரிந்துரை இது: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓட்டம் ஒரு திசையில் மட்டும் இருக்கட்டும். ஆசிரியர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிகள், ஒவ்வொரு பள்ளிக்கும் உரிய தனி ஏற்பாடுகள், 'எனக்கு இப்படி நடந்தது' என்ற குறிப்புகள் எல்லாம் விக்கிக்குப் போகட்டும். அங்கே மூன்று முறை கேட்கப்பட்ட செய்தியை ஒருவர் சோதித்துப் பார்த்துக் கையேட்டுக்கு மாற்றட்டும். மாற்றியவுடன் விக்கிப் பக்கத்தில் கையேட்டுக்கு இணைப்பு மட்டும் மிஞ்சட்டும். ஒரே செய்தியை இரண்டு இடத்திலும் வைத்திருந்தால் ஆறு மாதத்தில் இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லும், வாசகர் தவறானதையே முதலில் பார்ப்பார்.

மூன்று பேர் கூட இல்லாத குழுவாக இருந்தால் விக்கியையே விட்டுவிடுங்கள். கையேடு மட்டும் போதும்.

3. முதல் வரி எழுதுமுன் உரிமத்தை எழுதுங்கள்

எங்களுக்கு மிகுந்த செலவு வைத்த தவறு இதுதான்; ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். விக்கியில் ஒருவர் எழுதிய பத்தியின் பதிப்புரிமை, எங்கும் பதிவு செய்யாமலேயே, எழுதியவருக்கு உரியதாகிறது. நீங்கள் எந்த உரிமத்தையும் அறிவிக்கவில்லையென்றால், அந்தப் பத்தியை எடுத்துக் கையேட்டில் அச்சிட உங்களுக்கு அனுமதி இல்லை. நாங்கள் மாற்ற முனைந்தபோது 19 பேர் எழுதியிருந்தார்கள். 16 பேர் ஒப்புதல் அனுப்பினார்கள். அதற்கே ஐந்து மாதம் ஆயிற்று. மூவரைக் கண்டுபிடிக்க இயலாததால் அவர்கள் கை பட்ட 11 பக்கங்களை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அந்த மூவரில் ஒருவர் எழுதியிருந்த பக்கம்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது என்பது இன்றும் உறுத்துகிறது.

விக்கிக்கும் கையேட்டுக்கும் ஒரே உரிமத்தை அறிவியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்னும் வகையின் 4.0 பதிப்பு பெரும்பாலோருக்குப் பொருந்தும். விக்கி நடத்த உதவும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவும்போதே உரிமம் எது என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்லாதீர்கள். இதில் இரண்டு பொறிகள் உண்டு. வணிக நோக்கத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை உள்ள வகையை நல்லெண்ணத்தில் தேர்ந்தெடுப்பார்கள். அது கட்டற்ற உரிமமாக ஏற்கப்படுவதில்லை, பின்னர் லினக்ஸ் வழங்கல்களில் (லினக்ஸையும் பிற மென்பொருள்களையும் சேர்த்து வெளியிடும் தொகுப்புகளில்) உங்கள் ஆவணத்தைச் சேர்க்கத் தயங்குவார்கள். இன்னொன்று, பிறர் விக்கியிலிருந்து நகலெடுப்பது: ஆர்ச் விக்கி குனூ தளையறு ஆவண உரிமத்தில் இருக்கிறது, அதிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்து வேறு உரிமம் கொண்ட உங்கள் பக்கத்தில் ஒட்ட முடியாது. படித்துப் புரிந்துகொண்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

தேவைப்படும் ஆவணங்கள் மூன்றே: உரிமத்தின் முழு உரை கொண்ட கோப்பு, பங்களித்தவர்களின் பெயர்க்கோப்பு, 'நான் எழுதுவதை இந்த உரிமத்தில் தருகிறேன்' என்ற ஒரு வரி ஒப்புதல். மூன்றாவதைக் கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே வைத்துவிட்டால் பின்னால் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

4. விக்கியை நிறுவுவதும் காப்பதும்

மீடியாவிக்கிக்குப் பிஎச்பி என்னும் நிரல்மொழியும் தரவுத்தளமும் தேவை. இன்னொரு விக்கி மென்பொருளான டோகுவிக்கிக்குத் தரவுத்தளம் தேவையில்லை. பக்கங்கள் வெறும் உரைக்கோப்புகளாகவே அடைவில் இருக்கும், அடைவை நகலெடுத்தால் அதுவே காப்புநகல். நூறு பக்கங்களுக்கு உட்பட்ட திட்டத்துக்கு டோகுவிக்கியையே தேர்ந்தெடுங்கள். மீடியாவிக்கிதான் வேண்டுமென்றால் நீண்டகால ஆதரவுள்ள பதிப்பை நிறுவுங்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். 2024 டிசம்பரில் வந்த 1.43 அத்தகையது. மற்றப் பதிப்புகளை நிறுவினால் ஆண்டுக்கொரு முறையாவது மேம்படுத்தும் வேலை தலையில் விழும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், பொதுவில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் (ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடத்துக்கும்) ஒரு விக்கியை இலவசமாகத் தருகிறதே என்று கேட்பீர்கள். அதில் மறைந்திருக்கும் பொறி: பயனர்கள் விருப்பம் தெரிவிக்க இடும் நட்சத்திரங்களில் 500ஆவது பெற்று, பொதுமக்கள் தொகுக்க முடியாதபடி அமைக்கப்பட்ட விக்கிகளை மட்டுமே தேடுபொறிகள் அட்டவணையிட அது அனுமதிக்கிறது. நம்மைப் போன்ற சிறிய திட்டத்தின் விக்கி கூகுளில் தேடினாலும் அகப்படாது.

மீடியாவிக்கி நிறுவியவுடன் கணக்கே இல்லாதவர்களும் தொகுக்கலாம் என்ற நிலையில்தான் இருக்கும். அன்றே அதை மூடுங்கள். கணக்குத் தொடங்குவோருக்கு நீங்களே எழுதிய கேள்வி ஒன்றை வைக்கும் வசதியும் அதில் உண்டு; படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது. 'தைப்பூசத்தன்று தோளில் எதைச் சுமக்கிறோம்?' என்று வைத்தோம், எரித (ஸ்பேம்) வரவு நின்றது. ஆனால் சரியான விடையைத் தமிழிலும், இங்கே வழங்கும் ரோமன் எழுத்துக்கூட்டல்கள் எல்லாவற்றிலும் ஏற்கும்படி அமையுங்கள்; முதல் வாரத்தில் நாங்கள் தடுத்தது எங்கள் ஆசிரியர்களையே.

காப்புநகலைப் பற்றி ஒரு சொல். எங்கள் விக்கி போர்ட் லூயியில் ஒரு நண்பர் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் நகருக்குள் வந்தபோது அந்தக் கணினியும் நனைந்தது. கடைசிக் காப்புநகல் ஏழு மாதம் பழையது. அதிலும், பக்கங்களின் உரையை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்திருந்தோமே தவிர, படங்கள் அதில் இல்லை, பயனர் கணக்குகளும் இல்லை. மீடியாவிக்கியில் தரவுத்தளம், படங்கள் உள்ள அடைவு, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை, வேறு ஊரில் உள்ள கணினிக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலிலிருந்து விக்கியை மீட்டெழுப்பிப் பாருங்கள். ஒருமுறையாவது மீட்டுப் பார்க்காத நகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

5. கையேட்டை அமைப்பது

கையேட்டின் கோப்புகளை மென்பொருளின் நிரல் இருக்கும் அதே கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியத்தில் தனி அடைவாக வையுங்கள். அப்போது 2.3 பதிப்புக்குக் கிளை பிரித்தால் அதன் கையேடும் கூடவே பிரிந்துவிடும், நிரலை மாற்றுபவரிடம் 'ஆவணத்தையும் மாற்றினால்தான் இணைப்பேன்' என்று சொல்லவும் முடியும். இந்த ஒரு விதியால் எங்களுக்குக் கிடைத்த பயன், மற்ற எல்லா ஏற்பாடுகளாலும் கிடைத்ததைவிட அதிகம்.

ஏற்கெனவே விக்கியில் உள்ள பக்கங்களைப் பாண்டாக் என்னும் கருவி மார்க்டவுன், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்னும் எளிய உரை வடிவங்களில் ஒன்றாக மாற்றித் தரும். வார்ப்புருக்களும் சிக்கலான அட்டவணைகளும் சிதையும். பக்கத்துக்கு அரை மணி நேரம் கைவேலை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாற்றுமுன், வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத உறவிலிப் பக்கங்களின் பட்டியலை விக்கியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை மாற்றவே தேவையிருக்காது.

இந்தக் கோப்புகளிலிருந்து இணையப் பக்கங்களைக் கட்டுவதற்கு ஸ்பிங்க்ஸைப் பரிந்துரைக்கிறேன். எம்கேடாக்ஸ் என்னும் கருவி இன்னும் எளிது. ஆனால் மொழிபெயர்ப்பும் அச்சுக்கான பிடிஎஃப்பும் வேண்டியவர்களுக்கு ஸ்பிங்க்ஸில் அவை உள்ளேயே இருக்கின்றன. தமிழில் எழுதுபவர்கள் அதில் இடறும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்பிங்க்ஸ் தலைப்பிலிருந்து இணைப்பு முகவரியை உண்டாக்கும்போது ரோமன் அல்லாத எழுத்துகளை விட்டுவிடுகிறது. தமிழ்த் தலைப்புகளுக்கு எஞ்சுவது வெறும் வரிசை எண்தான். நடுவில் ஒரு புதிய தலைப்பைச் சேர்த்தால் கீழுள்ள எல்லா எண்களும் நகர்ந்து, நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த இணைப்புகள் வேறு பகுதிகளைத் திறக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ரோமன் எழுத்தில் ஓர் அடையாளச் சொல்லை நீங்களே எழுதிவிடுங்கள். கோப்புப் பெயர்களையும் ரோமனிலேயே வையுங்கள்: தமிழில் வைத்தால் ஒவ்வோர் எழுத்துக்குறியும் இணைய முகவரியில் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்ளும், நீண்ட முகவரி மின்னஞ்சலில் உடைந்துபோகும்.

பிடிஎஃப் கட்டும்போது இயல்பாக அமைந்துள்ள லாடெக் (அச்சுக்கோப்பு மென்பொருள்) இயந்திரம் தமிழுக்கு ஆகாது. அமைப்புக் கோப்பில் ஜீலாடெக்குக்கு மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். அப்படியும் கட்டங்கள் தெரிந்தால், கட்டளைகளைக் காட்டும் சம அகல எழுத்துருவில் தமிழ் இல்லாததே காரணமாக இருக்கும். லாடெக் முழுத்தொகுப்பு பல கிகாபைட் பதிவிறக்கம்; கைப்பேசித் தரவில் அதைத் தொடங்காதீர்கள். ரீட் த டாக்ஸ் தளம் கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாக இணையப் பக்கங்களையும் பிடிஎஃப்பையும் கட்டித் தருகிறது, பழைய பதிப்புகளின் கையேட்டையும் வைத்திருக்கிறது. பக்கத்தில் விளம்பரம் ஒன்று வரும், பொறுத்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு மொழியையும் தனித் திட்டமாகப் பதிந்து மூலத் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தேடல் பெட்டியை நம்பிவிடாதீர்கள். ஸ்பிங்க்ஸின் தேடல் மொழிகளில் தமிழ் இல்லை. வேற்றுமை உருபை நீக்கிப் பார்க்க அதற்குத் தெரியாது. 'கோப்பு' என்று தேடுபவருக்குக் 'கோப்பில்' என்று மட்டும் எழுதிய பக்கம் கிடைக்காமல் போகலாம். தலைப்புகளில் உருபு ஏறாத சொல் ஒருமுறையாவது வரட்டும், கடைசியில் ஒரு சொல்லடைவு இருக்கட்டும்.

6. எழுத்தும் சொல்லும்

பழைய பாடக்குறிப்புகளிலிருந்து நகலெடுக்கும்போது அவை ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ளனவா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ரோமன் குறிகள்தாம். ஒருங்குறியிலும் கவனம் வேண்டும்: கால் குறிக்குப் பதிலாக 'ர' எழுத்தைத் தட்டுவது, 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என இரண்டாகத் தட்டுவது ஆகியவை கண்ணுக்குப் புலப்படாத பிழைகள், 'ஸ்ரீ' கூட இரண்டு விதமான குறிகளில் எழுதப்படுகிறது. மூன்றுக்கும் தேடி மாற்றும் ஒரு சிறு நிரலை ஒருவர் எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் ஓட்டட்டும்.

கலைச்சொற்களுக்கு ஒரே பக்கப் பட்டியல் போதும். 'வழங்கி' என்று எழுதுவதா 'சர்வர்' என்று எழுதுவதா என்ற விவாதத்தில் ஒரு மாலை முழுவதும் கழிந்திருக்கிறது. எதையாவது ஒன்றைப் பட்டியலில் போட்டு மேலே செல்லுங்கள்.

7. திரைப்பிடிப்புகள்

குறைவாக வையுங்கள், மென்பொருள் மாறும்போது முதலில் பொய்யாவது படம்தான். படத்துக்கென்று கற்பனைப் பெயர்கள் கொண்ட ஒரு மாதிரித் தரவை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வகுப்பின் மதிப்பெண் திரையைப் படம் பிடித்துப் போட்டால், பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் உலகுக்குத் தெரியும். மொரீசியசின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சும்மா விடாது. விக்கியில் தவறிப்போய் ஏற்றிய படத்தை நீக்கிவிட்டாலும் நிர்வாகியால் அதை மீட்க முடியும் என்பதையும் கிட் வரலாற்றில் பழைய கோப்பு அப்படியே இருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

8. மொழிபெயர்ப்பு

எந்த மொழியில் பிழை சுட்டிக்காட்டப்படுகிறதோ அதையே மூல மொழியாக வையுங்கள். எங்களுக்கு அது தமிழ். பிரெஞ்சு அதிலிருந்து மொழிபெயர்க்கப்படுகிறது. ஸ்பிங்க்ஸ் பத்திகளைப் பிஓ கோப்புகளாக (மூலமும் மொழிபெயர்ப்பும் இணையிணையாக இருக்கும் கோப்புகளாக) பிரித்துத் தருவதால், மூலப் பத்தி மாறியதும் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டு, புதுப்பிக்கும் வரை அந்த இடத்தில் மூலமே தெரிகிறது. விக்கியில் இரு மொழிப் பக்கங்களைத் தனித்தனியே எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பழைய பிரெஞ்சுப் பக்கம் நம்பிக்கையோடு தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கும். மீடியாவிக்கியில் இதற்கென ஒரு நீட்சி இருக்கிறது, ஆனால் அதை அமைக்கும் உழைப்பு சிறு குழுவுக்குத் தாங்காது. மொழிபெயர்ப்பவர்களுக்கு வெப்லேட் தளம் வசதியானது. கட்டற்ற திட்டங்களுக்கு அதன் இலவச இடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற்ற பின்பே கிடைக்கும் என்பதால் வெளியீட்டுக்கு நெடுநாள் முன்னரே விண்ணப்பியுங்கள்.

9. நாட்காட்டியும் செலவும்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே வரை நீள்கிறது. ஆசிரியருக்குக் கையேடு மிகவும் தேவைப்படும் வாரங்களும் மின்சாரமும் இணையமும் போகக்கூடிய வாரங்களும் ஒன்றே. ஆகவே எங்கள் ஒழுங்கு இது: அக்டோபர் இறுதியோடு திரைகளை மாற்றுவதை நிறுத்துகிறோம், நவம்பர் முதல் மூன்று வாரங்களில் கையேட்டைப் புதுப்பித்து, நிரலை எழுதாத ஓர் ஆசிரியரை அதை மட்டும் பார்த்து ஒரு வகுப்பை உருவாக்கச் சொல்கிறோம், நவம்பர் முடிவதற்குள் பிடிஎஃப்பை எல்லோருக்கும் வாட்ஸப்பிலும் யூஎஸ்பியிலும் சேர்த்துவிடுகிறோம். டிசம்பரில் எதையும் திட்டமிடாதீர்கள், யாரும் கிடைக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் உள்ளவர்கள் மெய்ப்புப் பார்த்தால் அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே ஓடுகிறது. நம் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்களுக்கு ஒன்பதரை.

பணத்தைப் பொறுத்தவரை கையேட்டுக்கு ஒன்றும் ஆகாது: களஞ்சியம், கட்டுதல், இணையத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் கட்டற்ற திட்டத்துக்கு இலவசம். விக்கிக்கு வாடகைச் சர்வர் வேண்டும்; நாங்கள் மாதம் 5 அமெரிக்க டாலர் கொடுக்கிறோம், நம் பணத்தில் 230 மொரீசியஸ் ரூபாய் அளவில் வருகிறது. வெளிநாட்டு அட்டைப் பரிவர்த்தனைக்கு வங்கி பிடிப்பது தனி. அச்சிட நினைப்பவர்கள் முழுக் கையேட்டையும் அச்சிட வேண்டாம். பக்கத்துக்கு 3 ரூபாய் என்று வைத்தாலும் 60 பக்கம், 20 ஆசிரியர் என்றால் 3,600 ரூபாய்; அடுத்த நவம்பரில் அது பழைய தாள். அன்றாடம் தேவைப்படும் நான்கு பக்கங்களை மட்டும் அச்சிட்டு, மேல் மூலையில் பதிப்பு எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

10. பொறுப்பாளர் கோப்பு

களஞ்சியத்தில், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே ஒரு பெயரும், அவர் கடைசியாக முழுவதும் படித்துச் சரிபார்த்த பதிப்பின் எண்ணும் கொண்ட ஒரு கோப்பை வையுங்கள். இரண்டு வெளியீடுகளாக எண் மாறாத அத்தியாயத்தின் தலையில் 'இது பழைய பதிப்புக்கு உரியது' என்ற எச்சரிக்கையை எழுதிவிடுங்கள். எழுதியவர் வருத்தப்படுவார், பரவாயில்லை. கடவுச்சொற்கள், சர்வர் வாடகை செல்லும் அட்டை, தளப்பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாள் ஆகியவை இன்னொரு தாளில், களஞ்சியத்துக்கு வெளியே, இருவரிடம் இருக்கட்டும். எங்கள் தளப்பெயர் ஒருவரின் தனி மின்னஞ்சலில் பதியப்பட்டிருந்தது. அவர் வேலைக்காகப் பக்கத்துத் தீவான ரியூனியனுக்குப் போனபோது அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த நான்கு கடிதங்களும் அங்கேயே கிடந்தன. இப்போது அந்த நாள் என் சமையலறை நாட்காட்டியிலும் இன்னொருவர் நாட்காட்டியிலும் சிவப்பில் வட்டமிடப்பட்டிருக்கிறது.